கண்டெடுத்த இடம்

மண்ணுக்கு அடியில் ஓடும் குழாய் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதில் அந்தக் குழாய்க்காரரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. நீளமான இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். வீட்டுக்காரர்கள் மூச்சுவிடாமல் பக்கத்தில் நிற்பார்கள். "இங்க தோண்டலாம்" என்பார். தோண்டினால் ஈரம் இருக்கும். அதனால் அவருக்கு லீக்கு அண்ணன் என்று பெயர் விழுந்தது. அவருடைய மனைவியையும் கடைத்தெருவில் லீக்கு அண்ணி என்றே கூப்பிட்டார்கள். அந்த அம்மாளுக்கு அதில் கொஞ்சமும் சம்மதமில்லை.

கம்பியைத் தவிர அவரிடம் ஒரு மெஷினும் இருந்தது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கீச்சென்று கத்தும். பழைய இரும்புக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதற்காக வாங்கியது. ஒரு நாள் வேலை முடிந்து வயல் வரப்பு வழியாகத் திரும்பும்போது சும்மா ஓடவிட்டுப் பார்த்தார். கத்தியது. கிளறினால் உள்ளங்கை நீளத்துக்குப் பழைய சாவி ஒன்று. எந்தக் கதவோ, எந்தக் காலமோ. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு. அதற்குப் பிறகு விடுமுறை நாள் வந்தால் மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவருடைய மனைவி வீட்டின் முன்னறையில் துணி ஆல்ட்ரேஷன் கடை வைத்திருந்தாள். போலீஸ்காரர்களின் கால்சட்டையெல்லாம் அவளிடம்தான் இடுப்பு தளர்த்த வரும். சட்டதிட்டங்கள் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தன.

"ஊரான் நிலத்துல மெஷினைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சா பிடிச்சு உள்ள வெச்சிடுவாங்களாம். அதுக்குன்னு ஒரு சீட்டு குடுக்கறாங்களாம். அதை வாங்கிட்டு எங்க வேணும்னாலும் போங்க" என்றாள்.

வாங்கினார். அது லேசில் கிடைக்கிற சீட்டு இல்லை. தொல்பொருள் அலுவலகத்தில் அரைநாள் வகுப்பில் உட்கார வேண்டும். எந்த நிலத்தில் தேடப் போகிறோமோ அந்த நிலத்துக்காரரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். சீட்டில் எழுதிய நிலத்தைத் தாண்டி ஓர் அடி வைக்கக் கூடாது. பழைய கோட்டைச் சுவர், கல்லறை பக்கம் மெஷினை ஓடவிடவே கூடாது. பழம்பொருள் எது கிடைத்தாலும் கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது, உடனே அறிவிக்க வேண்டும். அரசு எடுத்துக்கொண்டு மதிப்புப் போட்டு, கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் சரிபாதி கொடுக்கும். குழாய்க்காரருக்கு இதெல்லாம் நன்றாகவே மண்டையில் ஏறியது. இன்னொரு விதியும் ஏறியிருந்தது. கூலிக்கு வேலை செய்யப் போன இடத்தில் வேலையாள் கையில் ஏதாவது சிக்கினால், அது நிலத்துக்காரருக்காக எடுத்ததாகவே ஆகும். வேலையாளுக்குப் பங்கும் கிடையாது, கண்டெடுத்தவர் என்ற பெயரும் கிடையாது. வகுப்பின் கடைசிப் பகுதியில் மட்டும் பக்கத்தில் இருந்தவர் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைப் பற்றிக் கேட்க, இவர் குசுகுசுவென்று வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பகுதி காதில் விழவில்லை.

அவருடைய சீட்டில் மூன்று நிலங்கள் இருந்தன. இரண்டு வயல். ஒன்று, ஊருக்கு வெளியே அவருடைய மைத்துனன் வாங்கிப்போட்டிருந்த மனை. மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வாய்த்துடுக்கு. அக்கா புருஷனைக் கண்டால் அவனுக்குக் குஷி பிறந்துவிடும்.

"யோவ் மாமா, இன்னிக்கு என்ன அறுவடை? மூடியா, ஆணியா?"

பல வருஷமாக மூடியும் ஆணியும்தான். சோடா மூடி, குதிரை லாடம், பொம்மைக் காரின் அடித்தகடு. ஒரு தடவை யாருடைய பல்செட்டோ கிடைத்தது. அதில் கம்பி இருந்ததால் மெஷின் கத்தியிருக்கிறது. அந்தக் கதையை மைத்துனன் வேனில் வரும் டீச்சர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்தான். குழாய்க்காரரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். ஒரே ஒரு தடவை, பேர் சொல்லும்படியாக ஏதாவது ஒன்று கையில் மாட்டாதா என்று இருக்கும்.

மாட்டியது. மாட்டிய இடம்தான் தப்பு.

நர்ஸம்மா வீட்டில் தண்ணீர்க் கட்டணம் திடீரென்று ஏறியது. எங்கோ ஒழுகுகிறது என்று அவரைக் கூப்பிட்டார். நர்ஸம்மா தனியாக இருப்பவர். ஒரு கிளினிக்கில் வேலை. இரண்டு அறை வீடு, பின்பக்கம் துணி துவைக்கும் கல் போட்ட சின்ன முற்றம். அதிகம் பேசமாட்டார், பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"எனக்குக் காலை டியூட்டி. நீ பாட்டுக்கு வேலையைப் பாரு. முடிஞ்சதும் பூட்டிட்டு சாவியை மீட்டர் பெட்டிக்குள்ள போட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

துவைகல்லின் பக்கத்தில் ஒழுகல். தோண்டினார், குழாயின் மூட்டை மாற்றினார். குழாயைக் கொஞ்சம் ஆழமாகப் பதித்தால் திரும்பவும் உடையாது என்று இன்னும் கொஞ்சம் தோண்டினார். மண்வெட்டி எதிலோ இடித்தது. இன்னொரு குழாயோ என்று மெஷினை வைத்துப் பார்த்தார். அது கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து பதில் குரல் கொடுத்தது.

கையால் மண்ணை விலக்கினார். தட்டைக் கல்லால் வாய் மூடி, சுண்ணாம்பு வைத்து அடைத்த மண்பானை. இழுத்த இழுப்பில் விளிம்பு கொஞ்சம் உடைந்தது. உள்ளே நகம்போல மெல்லிய வெள்ளிக்காசுகள், ஒன்றோடொன்று ஒட்டிப் பச்சை பூத்துக் கிடந்தன. நடுவில் நாக்கில்லாத ஒரு வெண்கல மணி.

குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். நர்ஸம்மாவுக்குத்தான் போன் செய்ய நினைத்தார், பொய்யில்லை. போனைக் கையிலும் எடுத்தார். அப்போதுதான் அந்த விதி நினைவுக்கு வந்தது. கூலிக்கு வந்த இடம். நாளைக்குப் பத்திரிகையில் நர்ஸம்மா வீட்டுப் புதையல் என்று வரும். குழாய் ரிப்பேருக்கு வந்த ஒருவர் என்று நடுவில் எங்கோ ஒரு வரி வரும். இத்தனை வருஷம் வெயிலில் அலைந்ததற்கு அந்த ஒரு வரி. மைத்துனன் என்ன சொல்வான் என்பதுகூட அவருக்குக் கேட்டது. "ஆக, சீட்டு வாங்கித் தேடினா மூடி. சீட்டில்லாத இடத்துல பானையா மாமா?"

அந்த நினைப்போடு மைத்துனனின் மனையும் நினைவுக்கு வந்தது.

அங்கே தேட அவருக்கு அனுமதி இருக்கிறது. அங்கே கிடைத்தால் கண்டெடுத்தவர் அவர். நிலத்துக்காரன் பங்கு மைத்துனனுக்கு. அவன் வீடு கட்ட ஆரம்பிக்கப் போகிறான், கையைக் கடிக்கிறது என்று அக்காவிடம் புலம்பிக்கொண்டிருக்கிறான். நாம் என்ன திருடவா போகிறோம், ஒரு காசைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகப் போவதில்லை, எல்லாவற்றையும் அரசாங்கத்திடம்தான் கொடுக்கப் போகிறோம். கொஞ்சம் தள்ளி வைத்துக் கொடுக்கிறோம், அவ்வளவுதானே. மனசு தனக்குத்தானே வக்கீல் வைத்துக்கொண்டால் கேஸ் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. பானையைச் சாக்கில் சுற்றிக் கருவிப் பையின் அடியில் வைத்தார். குழியை மூடி, மேலே சிமெண்ட் பூசி, முற்றத்தைப் பெருக்கிக் கழுவிவிட்டு, பூட்டிச் சாவியை மீட்டர் பெட்டிக்குள் போட்டார்.

சாயங்காலம் நர்ஸம்மாவே போன் செய்தார். "இவ்வளவு சுத்தமா எந்தக் குழாய்க்காரனும் விட்டுட்டுப் போனதில்லப்பா" என்றார். அவர் ஒருவரைப் பாராட்டிப் பேசியது குழாய்க்காரருக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மனைக்குத் தனியாகப் போய்ப் பானையைப் புதைத்தார். மேலே புல்லோடு பெயர்த்த மண்கட்டியை வைத்து அழுத்தினார். மத்தியானம் மைத்துனனைக் கூட்டிக்கொண்டு போனார். சாட்சிக்கு ஆள் வேண்டுமே.

மெஷின் கத்தியதும், "மூடி மாமா, மூடி. நான் எழுதியே தர்றேன்" என்றான் மைத்துனன். மண்வெட்டியை வாங்கி அவனே தோண்டினான். பானையின் வாய் தெரிந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மண்டியிட்டான். அப்புறம் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று நினைத்தார். அழுதுகொண்டிருந்தான்.

"யோவ் மாமா! உன்னை என்னவெல்லாம் கிண்டல் பண்ணியிருக்கேன்! சொன்னாங்க, என் நிலத்துல ராசியில்லைன்னு. இப்ப வந்து சொல்லச் சொல்லு!"

அவன் பிடி இறுகிக்கொண்டே போனது. குழாய்க்காரர் இரண்டு கையையும் தொங்கப்போட்டுக்கொண்டு குத்துக்கல்லாட்டம் நின்றார். சந்தோஷத்தில் உறைந்துவிட்டார் என்று மைத்துனன் நினைத்துக்கொண்டான்.

சட்டப்படி உடனே அறிவித்தார். மறுநாளே ஒரு பெண் அதிகாரி வந்தார். இளவயது, காலில் மண் ஒட்டிய பூட்ஸ், கையில் பிரஷ். பானையை எடுத்துச் சென்றார்கள். பத்திரிகையில் படம் வந்தது. குழாய்க்காரர் மெஷினோடு நடுவில், மைத்துனன் பக்கத்தில் பல் தெரிய. இவ்வளவு நேர்மையாக விதிகளைக் கடைப்பிடிக்கிறவர்கள் அபூர்வம் என்று அதிகாரி சொன்னதாக அதில் இருந்தது. நர்ஸம்மா அந்தப் படத்தை வெட்டிக் கிளினிக் அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார். ஊசி போட வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம வீட்டுக் குழாய் பாக்கற ஆளு இவரு" என்று காட்டினாராம். இதை நாலு பேர் குழாய்க்காரரிடம் வந்து சொன்னார்கள். அன்றிலிருந்து கிளினிக் இருக்கும் தெருவில் அவர் போவதில்லை. வேலைக்குச் சுற்றிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் அதிகாரி ஒரு ஆணையோடு வந்தார். வகுப்பின் கடைசிப் பகுதியில் சொல்லியிருந்த விதி அது. ஒரு நிலத்தில் புதையல் கிடைத்தால், ஆய்வு முடியும்வரை அந்த நிலத்தில் யாரும் எதுவும் கட்டக் கூடாது. ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது.

"எவ்வளவு நாள் மேடம்?" என்று மைத்துனன் கேட்டான்.

"முதல்ல ஒரு வருஷம். தேவைப்பட்டா நீட்டிப்போம்."

மைத்துனன் ஏற்கெனவே கம்பி இறக்கியிருந்தான். சிமெண்ட் மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தன. இருந்தாலும் அவன் அப்போது கலங்கவில்லை. "வரலாறுன்னா சும்மாவா? ஒரு வருஷந்தானே" என்றான். குழாய்க்காரர்தான் அன்று மத்தியானம் தட்டில் வைத்த கையை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமலே எழுந்துபோனார்.

அதிகாரி ஆட்களை வைத்துக் கயிறு கட்டி, கட்டம் கட்டமாகத் தோண்டினார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காது என்று தெரிந்த ஒரே ஆள் அங்கே போய் நின்றுகொண்டு, "ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சே மேடம், விட்டுடலாமே" என்றார்.

"அதுதான் ஆச்சரியமே. பானைக்குள்ள இருக்கிற மண்ணு சுண்ணாம்பு கலந்த செம்மண். இந்த இடமோ முழுக்கக் கரிசல். அப்படின்னா அந்தக் காலத்துல எங்கிருந்தோ தூக்கிட்டு வந்து இங்க ஒளிச்சிருக்காங்க. யாரோ பயந்து ஓடியிருக்காங்க. ஏன், யாருக்குப் பயந்துன்னு கண்டுபிடிக்கணும்."

தூக்கிக்கொண்டு வந்தவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார். பயந்தும் இருந்தார். அதிகாரி தன் கணிப்பை ஒரு கட்டுரையாக எழுதி, பெரிய கூட்டத்தில் வாசித்துக் கைதட்டல் வாங்கினார். அதில் நன்றி என்ற இடத்தில் குழாய்க்காரரையும் சொல்லியிருந்தார். தடை நீட்டிக்கப்பட்டது. ஆய்வு முடியாததால் பங்குப் பணமும் வரவில்லை.

அதற்குள் மைத்துனன் குடியிருந்த வாடகை வீட்டில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வீடு கட்டப் போகிறேன் என்று அவனே முன்னால் சொல்லிவைத்திருந்ததால் வேறு ஆள் பேசி முடித்திருந்தார்கள்.

"நம்ம வீட்டுக்கு வந்துடச் சொல்றேன். முன்னறையில என் மெஷினை ஓரமா தள்ளிட்டா அவங்க படுத்துக்கலாம்" என்றாள் மனைவி.

வந்தார்கள். மைத்துனன், அவன் மனைவி, ஒரு பெண் குழந்தை. தையல் மெஷினுக்கும் தொங்குகிற சட்டைகளுக்கும் நடுவே பாய் விரித்தார்கள். ஒரே ஒரு குளியலறை. பள்ளிக்கூட வேன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் குழாய்க்காரர் தன் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. அதெல்லாம் ஒரு கஷ்டமே இல்லை. மைத்துனன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் கஷ்டம். அவன் குறை ஒன்றும் சொல்லவில்லை. முதலில் கிண்டல் குறைந்தது. அப்புறம் பேச்சு குறைந்தது. விடுமுறை நாளில் மனைக்குப் போய், துருப்பிடித்த கம்பிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருவான். சிமெண்ட் மூட்டைகள் மழை ஈரத்தில் இறுகி, மூட்டை வடிவத்திலேயே கல்லாகிவிட்டன. "தலைகாணி மாதிரி அடுக்கி வெச்சிருக்கு அக்கா, பாக்கவே வேடிக்கையா இருக்கு" என்று ஒரு நாள் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

அவன் மனைவி சமையலறையில் நாத்தனாருக்கு இடைஞ்சலாக இருக்கிறோமே என்று பாத்திரம் சத்தம் போடாமல் வைப்பாள். அந்தச் சத்தமில்லாத சத்தம் குழாய்க்காரரின் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்தார். ஒவ்வொரு தடவையும் நர்ஸம்மா குறுக்கே வந்து நிற்பார். உண்மையைச் சொன்னால் இந்தக் கயிறும் தடையும் அப்படியே பெயர்ந்து நர்ஸம்மா வீட்டு முற்றத்துக்குப் போகும். ஒருத்தரை விடுவிக்க இன்னொருத்தரை மாட்டிவிடுவதா? இது நல்ல காரணமாகத்தான் தெரிந்தது. ஆனால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது வெறும் பயம் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம் மனைவி காஜா எடுத்துக்கொண்டே சொன்னாள். "தம்பி மனையை வித்துடப் போறானாம். யாரோ புரோக்கர் வந்திருக்கான். தடை இருக்கிற நிலம், பாதி விலைக்குத்தான் எடுப்பேன்கிறானாம். பரவாயில்லைன்னு தலையாட்டிட்டு வந்திருக்கான்."

குழாய்க்காரர் வாசற்படியில் உட்கார்ந்து குழாய் மூட்டுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நூல் கையிலிருந்து நழுவியது.

"விக்க வேணாம்னு சொல்லு."

"நான் சொன்னா கேப்பானா? தடை எப்ப நீங்கும்னு யாருக்குத் தெரியும்?"

"அந்தப் பானை அங்க இருந்தது இல்ல" என்றார். "நான்தான் கொண்டுபோய் வெச்சேன்."

அவள் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். எங்கிருந்து என்று கேட்டாள். சொன்னார்.

"எந்த நர்ஸம்மா? உங்க படத்தை வெட்டி ஒட்டி வெச்சிருக்காங்களே, அவங்களா?"

"ம்."

"அவன் குழந்தை தினம் என் மெஷின் காலுக்கடியில படுத்துத் தூங்குது. நீங்க அதைத் தாண்டித்தானே குளிக்கப் போறீங்க? எப்படிப் போனீங்க?"

அவர் குனிந்து, நழுவிய நூலைப் பொறுக்கிச் சுற்ற ஆரம்பித்தார்.

"முதல்ல நர்ஸம்மா. அப்புறம் ஆபீஸ். இன்னிக்கே போயிடுங்க. என் தம்பிகிட்ட உங்க வாயாலதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன். எனக்கு அந்த வார்த்தை வாயில வராது." இவ்வளவு சொல்லிவிட்டு, போலீஸ்காரரின் சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு குனிந்துவிட்டாள். தைக்கவில்லை.

நர்ஸம்மா டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. குழாய்க்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"நான் பூட்டாமப் போயிருந்தா வேற விஷயம்" என்றார் நர்ஸம்மா. "சாவியை உன் கையில குடுத்துட்டுப் போனேன்."

"தப்புதாம்மா."

"இப்ப என் முற்றத்தையும் தோண்டுவாங்களா?"

"தோண்டுவாங்கம்மா. கொஞ்ச நாளைக்குத் துவைக்கக்கூட இடமிருக்காது."

"அப்ப இதை எதுக்கு என்கிட்ட வந்து சொல்றே?" என்று சட்டென்று கேட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து செருப்பின் வாரை அவிழ்த்தார். "சரி, சொல்லத்தான் வேணும். போய்ச் சொல்லு. நான் தடுத்தா நானும் உன்கூடச் சேர்ந்த மாதிரி ஆயிடும்."

அலுவலகத்தில் அந்த அதிகாரி இருந்தார். அவர் திட்டியிருந்தால் குழாய்க்காரருக்கு லேசாக இருந்திருக்கும். அவர் முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. "நான் அதைப் பத்திக் கட்டுரை வாசிச்சிருக்கேன்" என்றார், தனக்குள் பேசுவதுபோல. "சரி. வாங்க, இடத்தைக் காட்டுங்க."

அதற்கு முன் பள்ளிக்கூடத்துக்குப் போய் மைத்துனனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று குழாய்க்காரர் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டார்.

பள்ளிக்கூட வாசலில் மரத்தடியில் வேன் நின்றது. மைத்துனன் உள்ளே தனியாக உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். குழாய்க்காரர் ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்தார். குழந்தைகள் உட்காரும் சின்ன சீட். முழங்கால் நெஞ்சில் இடித்தது. அந்த நிலையிலேயே சொன்னார். மைத்துனன் திரும்பவில்லை. முன் கண்ணாடியில் அவன் கண் மட்டும் தெரிந்தது.

"அன்னிக்கு நான் உங்களைக் கட்டிப்பிடிச்சு அழுதேனே" என்றான். "அப்பவும் தெரியும்."

"தெரியும்."

"எங்கூட உக்காந்து சாப்பிட்டப்பவும்."

"உனக்கு நல்லது பண்றதா நெனச்சேன்டா. பங்கு உனக்கு வரும்னு..."

"எனக்காகன்னு சொல்லாதீங்க." குரல் உயரவில்லை. "அதை மட்டும் சொல்லாதீங்க."

மணி அடித்தது. குழந்தைகள் பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக வேனை நோக்கி ஓடிவந்தார்கள்.

"பிள்ளைங்க வந்துட்டாங்க. இறங்குங்க" என்றான்.

இறங்கினார். ஒரு சின்னப் பெண் அவர் உட்கார்ந்திருந்த சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தது. வேன் கிளம்பிப் போனது.

அந்த வாரமே மைத்துனன் ஒற்றை அறை ஒன்று பார்த்துக்கொண்டு போய்விட்டான். அக்கா அழுதாள், அவன் கேட்கவில்லை. அக்காவிடம் அவனுக்குக் கோபமில்லை. ஆனால் அந்த வீட்டில் இனி ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காது என்றான்.

நர்ஸம்மா வீட்டு முற்றத்தில், தான் பூசிய சிமெண்டைக் குழாய்க்காரரே உளியால் உடைத்துக் கொடுத்தார். அதிகாரி குழிக்குள் இறங்கி மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார். செம்மண், இடையிடையே சுண்ணாம்புக் கட்டி.

"பானை எவ்வளவு ஆழத்துல இருந்தது?"

கையால் காட்டினார்.

"நேரா நின்னுச்சா, சாஞ்சிருந்ததா?"

"சாஞ்ச மாதிரிதான்... சரியா தெரியல மேடம்."

"எந்தப் பக்கம் சாஞ்சிருந்தது? அடியில கல் பாவியிருந்ததா? பக்கத்துல கரி, சாம்பல், ஓடு, ஏதாவது?"

அவர் யோசித்தார். மண்ணுக்குள் ஒரு சொட்டு ஒழுகுவதைக் கேட்டுச் சொல்லும் மனுஷர், அன்றைக்கு அவசரத்தில் கண்ணால் எதையும் பார்த்திருக்கவில்லை. அவருக்கு நினைவில் இருந்ததெல்லாம் யாராவது வந்துவிடுவார்களோ என்று வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும்தான்.

"ஞாபகம் இல்லை மேடம்."

அதிகாரி பேனாவை மூடினார். "நூத்துக்கணக்கான வருஷம் ஒரே இடத்துல இருந்தது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. குழாய்க்காரர் குழியின் விளிம்பிலிருந்து எழுந்துபோய்த் துவைகல்லில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவருடைய சீட்டை நிரந்தரமாக ரத்து செய்தார்கள். வழக்கு நடந்தது, தானாக வந்து ஒப்புக்கொண்டதால் சிறை இல்லாமல் அபராதத்தோடு முடிந்தது. பங்கு முழுதும் நர்ஸம்மாவுக்குப் போனது. அவர் முற்றத்தில் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. பானையைத் தவிர அங்கே இரண்டு ஓட்டுத் துண்டுகள்தான் கிடைத்தன. அதிகாரி தன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதைப் பற்றிச் சக அலுவலர்கள் கேலி பேசினார்கள் என்று குழாய்க்காரர் கேள்விப்பட்டார். நர்ஸம்மா குழாய் வேலைக்கு இப்போதும் அவரைத்தான் கூப்பிடுகிறார். ஆனால் அவர் வேலை செய்து முடிக்கும்வரை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். குழாய்க்காரரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

மைத்துனன் மனையை விற்கவில்லை. தடை நீங்கியதும் புதுக் கம்பி, புது சிமெண்ட் வாங்கிக் கட்டினான். குழாய் வேலைக்கு வெளியிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்தான். அந்த ஆள் கடைத்தெருவில் குழாய்க்காரரையே நிறுத்தி, எந்தக் கம்பெனி மூட்டு நன்றாக உழைக்கும் என்று விசாரித்தான். இவர் சொன்னார். எந்த வீட்டுக்கு என்று கேட்கவில்லை.

குடிபோகும் நாளில் மனைவி, "பீரோ தூக்க ஆள் பத்தலையாம். வாங்க" என்றாள். அவளாகச் சொன்னாளா, அவன் சொல்லியனுப்பினானா என்று கேட்கத் தைரியமில்லாமல் பின்னாலேயே போனார்.

இரும்பு பீரோ. மாடிக்கு ஏற்ற வேண்டும். மேல் பக்கத்தை மைத்துனன் பிடித்துக்கொண்டான். கீழ்ப் பக்கம் காலியாக இருந்தது. குழாய்க்காரர் குனிந்து பிடித்துக்கொண்டார். கனமெல்லாம் கீழே இருப்பவர் மேல்தான் இறங்கும்.

"தூக்கலாமா?"

"ம்."

"இடது பக்கம் கொஞ்சம்."

"சுவர் இடிக்குது. மெல்ல."

திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினார்கள். பீரோ நடுவில் இருந்ததால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. மேலே போய் அறையின் மூலையில் இறக்கிவைத்தார்கள். மைத்துனன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். துண்டை அவரிடம் நீட்டவில்லை, பீரோவின் மேல் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனான். குழாய்க்காரர் அந்தத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கீழே கட்டில் இன்னும் வேனிலேயே இருந்தது. அதை இறக்குவதற்காக அவரும் படியிறங்கினார்.